குறைந்தது பத்து நிமிடம்

பதின்மூன்றாம் தொகுதி நான்காம் நாளே உடைந்தது. வெள்ளிக்கிழமை காலை உனைசி கண்ணாடிக் குடுவையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நேற்று வரை வட்டமாக, கெட்டியாக இருந்த ஜெல் வில்லை கஞ்சியாகக் கிடந்தது. உள்ளே அடைத்த மருந்து மொத்தமும் உப்புத் தண்ணீருக்குப் போயிருந்தது. குறிப்பேட்டில் "4 நாள்" என்று எழுதினாள். பக்கத்தில் எழுதத் தகாத ஒரு வார்த்தையையும் எழுதிவிட்டு, அதை மட்டும் அடித்தாள். அடித்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது ஆய்வக விதி. போட்டாள்.

ஆய்வகம் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருந்தது. பவளத்திட்டில் கேட்பாரில்லாமல் வளரும் பழுப்புக் கடற்பாசியை அலசி, அவித்து, வடித்துப் பசை எடுப்பார்கள். பசையில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து உள்ளங்கையளவு அச்சில் ஊற்றி, கால்சியம் கரைத்த தண்ணீரில் முக்கி வைத்தால் இறுகி வில்லையாகிவிடும். மருந்து வெளியே ஓடாமலிருக்க அந்தத் தண்ணீரிலும் அதே மருந்தை அதே அளவில் கலந்திருப்பார்கள். இந்த வில்லையைச் சர்க்கரை நோயாளியின் கால் புண்மேல் வைத்துக் கட்டினால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். உடம்பின் உப்பு பட்டு வில்லை மெல்ல இளகிக்கொண்டே வரும். குடுவையில் அதே அளவு உப்புத் தண்ணீரில் போட்டுத்தான் சோதிப்பார்கள். அது ஏழு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஏழு என்பது ஆராய்ந்து கண்டுபிடித்த எண் அல்ல. தூரத்துத் தீவில் இருக்கும் உனைசியின் கிராமத்துக்கு நர்ஸ் படகில் வருவது வியாழனுக்கு வியாழன். ஆறு நாள் தாங்கும் வில்லை என்றால் புதன்கிழமை புண் சும்மா கிடக்கும். ஒரு கால் போவதற்குப் புதன்கிழமை போதும். அவள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் போனது, பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அப்படித்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் குழு கேட்டது ஒன்றே ஒன்றுதான். தொடர்ந்து மூன்று தொகுதிகள் ஏழு நாள் தாங்கவேண்டும். காட்டினால் நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க அனுமதி, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வா. குழு கூட இன்னும் ஆறு வாரம் இருந்தது.

"எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் டாக்டர் ஷலேஷ்னி மகராஜ். ஆய்வகத்தின் தலைவர். குடையை மடக்கும்போது எப்போதும் யார் மேலாவது தண்ணீர் தெளிப்பார்.

"நாலு நாள் மேடம்."

"போன தடவை?"

"அஞ்சு. அதுக்கு முன்னாடி ஆறு, ஆறரை, ஏழு, ஏழு."

"ஏழுலேருந்து நாலா? அப்ப அடுத்து மூணு."

"எறங்குறதும் ஒழுங்காத்தான் எறங்குது மேடம்" என்றான் ஜோப்பே. குடுவையிலிருந்து நாளுக்கு நாலு தடவை துளி எடுத்து மருந்து அளப்பது அவன் வேலை. "இவ ஊர்ல கட்டுற வேலியே ஒரு மழைக்கு நிக்காது. ஜெல் எப்படி நிக்கும்?"

அவனுடைய ஊருக்கும் அவளுடைய ஊருக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை. எவ்வளவு சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, திருப்பித்தான் கொடுக்கவேண்டும்.

"எங்க ஊர் வேலி மழைக்கு விழல. உங்க ஊர்க்காரனுங்க கோழி திருட ஏறினதுல விழுந்துச்சு."

"ரெண்டு பேரும் அப்புறம் கல்யாணம் பண்ணிக்கோங்க, இப்ப ஜெல்லைப் பாருங்க" என்றார் ஷலேஷ்னி.

பார்த்தார்கள். எண்கள் இறங்க ஆரம்பித்த ஒரு மாதமாகவே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி எல்லாவற்றின் மேலும் பழி விழுந்துகொண்டிருந்தது. முதலில் கடற்பாசி, மழைக்காலப் பாசி வீரியமில்லாதது என்று பழைய மூட்டையைப் பிரித்தார்கள். பிறகு மருந்து, வேறு பெட்டி உடைத்தார்கள். பிறகு வடிநீர் இயந்திரம், பிறகு தராசு, பிறகு ஜோப்பே. அவனை ஒரு வாரம் அளக்க விடாமல் ஷலேஷ்னியே அளந்தார். எண் மாறவில்லை, ஜோப்பே மட்டும் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. அது ஒன்றுதான் லாபம்.

எல்லாவற்றையும் சந்தேகித்தார்கள், லோத்துவை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்கத் தோன்றாது.

லோத்து என்றால் காலை ஜெபம். எட்டு மணிக்கு எல்லோரும் தேநீர் அறையில் கூடுவார்கள். ஒரு பாட்டு, ஒரு வசனம், பிறகு ஜெபம். ஷலேஷ்னி இந்து, ஆனாலும் அவரும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நடத்துவது எலியேசா. கிடங்குப் பொறுப்பாளர், ஐம்பத்தெட்டு வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்கிறவர். உனைசிக்கு அம்மா வழியில் தாய்மாமன் முறை, அதனால் அவள் கூப்பிடுவது மோமோ. மற்றவர்கள் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நின்றே ஜெபிப்பார். கடவுளிடம் உட்கார்ந்துகொண்டு பேசுவது மரியாதையில்லை என்பது அவர் கட்சி.

அரசாங்கத்தில் ஆரம்பிப்பார். மந்திரிகளுக்கு நல்ல புத்தி கேட்டுவிட்டு, தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு வருவார், பெயர் சொல்லி. பிறகு ரக்பி அணி, யாருக்கு முழங்கால் வலி என்பது வரைக்கும். பிறகு ஆய்வகத்தில் ஒவ்வொருவரின் குடும்பமும், பிள்ளைகள் பரீட்சை உட்பட. பிறகு வடிநீர் இயந்திரம். கடைசியில், "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகள் செய்யும் வில்லை ஏழு நாள் தாங்கும்படி செய்யும்" என்று முடிப்பார். அதற்குள் உனைசிக்குக் கால் மரத்துப்போகும். அவர் மேல் அவளுக்கு மரியாதை உண்டு, பிரியமும் உண்டு. ஆனாலும் ரக்பி அணியின் முழங்காலில் தினமும் எரிச்சல் வந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமைகளில் ஏழு மணிக்கே வந்து அச்சில் ஊற்றி, எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கால்சியத் தண்ணீரில் இறக்கிவிடுவாள். லோத்து முடிந்து வந்து எடுத்து அலசுவாள். படிவத்தில் ஏழாவது வரி, "கால்சியத்தில் வைத்தல்: குறைந்தது பத்து நிமிடம்." அதற்கு எதிரே ஒரு டிக். அவ்வளவுதான். லோத்து எவ்வளவு நேரம் நடந்தது என்று யாரும் குறிப்பதில்லை. ஜெபத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது ஜெபிக்கிறவரின் முகத்தில் கொட்டாவி விடுவதற்குச் சமம். அது நேரக் கணக்கில் வராத நேரம்.

அடுத்த திங்கட்கிழமை எலியேசா வரவில்லை. சித்தப்பா மகன் இறந்துவிட்டான் என்று தகவல் வந்தது. இறப்பு என்றால் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். லோத்து ஜோப்பேயிடம் வந்தது.

"ஆண்டவரே, எல்லாருக்கும் எல்லாத்துக்கும் நன்றி. உமக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. ஆமென்" என்றான்.

பாட்டும் வசனமும் சேர்த்து அது ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. தேநீர் இன்னும் கொதிக்கவில்லை. பதினான்காம் தொகுதி இரண்டு நாளில் கஞ்சியானது.

உனைசி அன்று கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து "2 நாள்" என்று எழுதினாள். இந்தத் தடவை அடித்தல் இல்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை எலியேசாவின் சபையிலிருந்து ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் விருந்தாளியாக வந்தார். ஆய்வகத்துக்காக ஜெபிக்கச் சொல்லி எலியேசா அனுப்பினாராம். எண்பத்தோரு வயது, உட்கார்ந்துகொண்டே ஜெபித்தார், ஆதாமில் ஆரம்பித்தார். நோவாவுக்கு வந்தபோது ஷலேஷ்னிக்குத் தூக்கம் வந்துவிட்டது. எல்லோரும் கண் திறந்தபோது தேநீர் ஆறி, தேங்காய்ப்பால் பன்மேல் எறும்பு மொய்த்திருந்தது.

பதினைந்தாம் தொகுதி எட்டு நாள் தாங்கியது.

"ஜெல்லு மெதடிஸ்ட் சபையில சேந்துடுச்சு" என்றான் ஜோப்பே. "நா ஜெபம் பண்ணா ஒடையுது, பாஸ்டர் பண்ணா நிக்குது. விசுவாசம் பாத்து எறங்குது."

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்றார் ஷலேஷ்னி. இந்த மாதிரிப் பழமொழிகள் அவர் குடும்பத்தில் நாலு தலைமுறையாகக் கடல் தாண்டி வந்து கிடந்தன.

உனைசி சிரிக்கவில்லை. படிவத்தின் ஏழாவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இந்தப் பத்து நிமிஷம் யார் போட்டது?"

"நான்தான். மூணு வருஷம் முன்னாடி. பத்து நிமிஷத்துல இறுகிடும், அதுக்கு மேல எவ்வளவு வெச்சாலும் ஒண்ணுதான். சோதிச்சுப் பாத்துதான் போட்டேன்."

"அப்ப வில்லை எவ்வளவு கனம்?"

ஷலேஷ்னி பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். அப்போது வில்லை தாள் கனம். புண்ணின் பள்ளத்துக்குப் போதவில்லை என்று பிறகுதான் அரை விரல் கனம் ஆக்கினார்கள். அச்சு மாறியது, படிவம் மாறவில்லை. அரை விரல் கனத்துக்குள் கால்சியம் ஊறி நடுவரை போக நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் எடுத்தால் மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே பசை பசையாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வில்லைதான்.

"அடக் கடவுளே" என்றார் ஷலேஷ்னி. எந்தக் கடவுள் என்று சொல்லவில்லை.

அன்றைக்கே ஒரு மணியடிக்கும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து, இருபது, முப்பது, நாற்பது, அறுபது நிமிடம் என்று ஊறப்போட்டார்கள். பத்து நிமிட வில்லை இரண்டு நாள் தாங்கியது. இருபது, நாலு நாள். முப்பது, ஐந்தரை. நாற்பது, சரியாக ஏழு. அறுபது, எட்டு. உனைசி கட்டத் தாளில் புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தாள். ஒன்றரை மாதம் பாசியையும் தராசையும் ஜோப்பேயையும் சந்தேகித்ததற்கு அந்த ஒரு கோடு போதுமானதாக இருந்தது. இரண்டு நிமிடம் கூடுதலாக இருக்கட்டும் என்று நாற்பத்திரண்டு என்று முடிவு செய்தார்கள்.

திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று தொகுதிகள் போட்டார்கள். கடிகாரம் மணியடித்த பிறகுதான் எடுத்தார்கள். மூன்றும் ஏழு நாள் தாங்கின. அடுத்த வார வியாழக்கிழமை குழு கூடி அனுமதி கொடுத்தது. ஷலேஷ்னி எல்லோருக்கும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி வாங்கிவந்தார். ஜோப்பே எழுந்து நின்று, "எங்க மச்சினி ஊர்ல முதல் தடவையா ஒண்ணு நின்னிருக்கு" என்றான். உனைசி சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாளாகியிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது மறுநாள்.

அறிக்கை எழுதவேண்டும். பழைய தொகுதிகள் ஏன் தோற்றன என்று ஒரு பத்தி அதில் வரவேண்டும். அன்றன்று எத்தனை நிமிடம் ஊறியது என்பதற்குக் குறிப்பில்லை. ஆனால் கோடு இருந்ததே. நாளைக் கொடுத்தால் நிமிடத்தைச் சொல்லும். உனைசி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். எட்டாம் தொகுதி, ஏழு நாள், நாற்பது நிமிடம். ஒன்பது, அதே நாற்பது. பத்து, முப்பத்தேழு. பதினொன்று, முப்பத்து மூன்று. பன்னிரண்டு, இருபத்தேழு. பதின்மூன்று, இருபது.

"ஜோப்பே, மோமோவோட ஜெபம் கொறஞ்சுகிட்டே வந்துச்சா?"

"பின்ன? பாதியா கொறஞ்சுதே. நா சந்தோஷப்பட்டேன். சொன்னா மறுபடி நீட்டிடுவாருன்னு வாயத் தொறக்கல."

"ஏன் கொறச்சாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஆண்டவருக்கும் வேல இருக்கும்னு புரிஞ்சிருக்கும்."

உனைசி பேனாவை வைத்தாள். வேட்டி மாதிரி சுலு கட்டும் மனுஷன், வெறும் செருப்பில் திரிகிறவர், லீவில் போகுமுன் இரண்டு மாதம் காலுறை போட்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்று ஜோப்பே கேலி செய்தபோது, பவளக்கல் குத்திவிட்டது என்றார். ஜெபிக்கும்போது ஒரு கை மேஜைமேல் ஊன்றியிருந்தது. முதலில் விரல் நுனி, பிறகு உள்ளங்கை. கடைசித் திங்கட்கிழமை இரண்டு கையும். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவள் மட்டும் எரிச்சலில் அவ்வப்போது திறந்து பார்த்திருக்கிறாள். பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு என்றார்கள்.

மழையில் நனைந்துகொண்டு போனாள். கட்டில் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து தட்டில் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எலியேசாவின் சித்தப்பா மகன்.

"நீங்க செத்துட்டதா சொன்னாங்களே" என்றாள்.

"ஆமா, எங்கிட்டயும் சொன்னாங்க" என்றார் அவர். "லீவுக்கு. பரவால்லன்னுட்டேன்."

எலியேசா தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வை வலது பக்கம் பாதம் வரைக்கும் மேடாக இருந்தது, இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே படுக்கையோடு படுக்கையாக இருந்தது.

"உனா, வா. எத்தன நாள் நின்னுச்சு?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஏழு. மூணு தடவையும். அனுமதி கெடச்சாச்சு."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"மோமோ, ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு காலோட போய் ஒரு காலோட வருவோம்னு ஊருக்கே தெரியும். நீங்கதான் வில்லை பண்றீங்களே. ஆகட்டும், கேட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஜோப்பேகிட்ட கேப்பேன், எத்தன நாளுன்னு. கொறஞ்சுகிட்டே வந்துச்சு. எனக்கும் நிக்க முடியாம வந்துச்சு. அதனால ஜெபத்த அங்கங்க விட்டேன்."

"எதையெல்லாம் விட்டீங்க?"

"மொதல்ல அரசாங்கத்த. அதுக்கு எப்படியும் பலனில்ல. அப்புறம் கப்பல. அப்புறம் ரக்பிய, அதுக்குத்தான் மனசு கஷ்டமா இருந்துச்சு. ஆனா வில்லைய விடல உனா. கடைசி நாள் வரைக்கும் ஏழு நாள் நிக்கணும்னு கேட்டுட்டுத்தான் உக்காந்தேன்."

வில்லைக்கு வேண்டியிருந்தது அரசாங்கமும் கப்பலும் ரக்பியும்தான். பைக்குள் இருந்த தாளை உனைசி வெளியே எடுக்கவில்லை. ஏழு, ஏழு, ஆறரை, ஆறு, ஐந்து, நாலு. அந்தக் கால் கெட்டுப்போன வேகத்தை வாராவாரம் தன் கையெழுத்தில் எழுதிவைத்துவிட்டு, ஜெல்லுக்கு என்ன கேடு என்று தேடியிருக்கிறாள்.

"என்ன கோளாறா இருந்துச்சு?" என்றார் எலியேசா.

"நேரம் போதல மோமோ. கால்சியத்துல ஊற வெக்கிற நேரம். எங்க தப்புதான், படிவத்துல தப்பா இருந்துச்சு."

"எவ்வளவு வேணுமாம்?"

"நாப்பத்திரண்டு நிமிஷம்."

அவர் கூரையைப் பார்த்தார். முப்பது வருஷம் கிடங்கில் இருந்தவர். திங்கட்கிழமை காலை வில்லை எங்கே, எப்போது ஊறுகிறது என்பது அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். சித்தப்பா மகன் மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்ப நா உக்காந்தே ஜெபம் பண்ணியிருக்கலாம்" என்றார் எலியேசா.

உனைசிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை. சித்தப்பா மகன் கிழங்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அழுது முடிந்ததும் எலியேசா போர்வையை வலது பக்கம் விலக்கிக் காட்டினார். கட்டைவிரல் ஓரத்தில் ஒரு புண், சின்னதுதான். "இத இங்க இருக்குற டாக்டரம்மா உங்க பட்டியல்ல எழுதியிருக்காங்க. மொத ஆள் நாந்தானாம். திங்கக்கெழம வெக்கிறாங்க. அந்த வில்லைய எப்பப் போடுவ?"

"நாளைக்குக் காலைல. சனிக்கெழமன்னாலும் வரேன். எட்டடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது எறக்கிடுவேன். இப்ப கடிகாரம் வெச்சிருக்கோம் மோமோ. மணி அடிக்கும்."

"அடிக்கட்டும். நானும் இங்கேருந்து பண்றேன். இப்பவும் ஒண்ணு பண்ணிடுவோம், உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் தலையைக் குனிந்தார்கள். கட்டு மாற்ற வந்த நர்ஸ் வாசலில் நின்றுவிட்டாள். எலியேசா படுத்தபடியே கண்ணை மூடி, அரசாங்கத்திலிருந்து ஆரம்பித்தார்.